புள்ளி எழுபத்து மூன்று

மார்த்தாண்டம் மேம்பாலத்தடிக் கடையில்
பிக்கை வெற்றிலை போல எண்ணித் தருவார்கள்.
பத்து வாங்கினால் ஒன்று கூடுதல்.
எது கூடுதல் என்பதை அவர்தான் எடுப்பார்,
விற்காத நிறமாகப் பார்த்து.

புள்ளி நாற்பத்தாறு வளையும்.
கம்பி விலகுமுன் தான் விலகிக்கொள்ளும்.
ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்கு அது போதும்.
பாடகர் குழுவுக்குப் பின்னால் நான் தூறிக்கொண்டிருப்பேன்.
கூடவே ஒரு சடசட, நைலானின் சொந்தச் சத்தம்.
மின்விசிறி என்று நினைத்துப் போதகர்
இரண்டு முறை எலக்ட்ரீஷியனை வரவழைத்தார்.

பாறசாலை பிஜோயிடம் இருப்பது ஒன்றரை மில்லிமீட்டர்.
சின்னது, கறுப்பு, புளியங்கொட்டை போல.
நுனியில் ஒரு நகக்கண் அளவுதான் வெளியே தெரியும்.
அவன் அடித்தால் ஒவ்வொரு சுரமும்
தனித்தனியே பெயர் கொடுத்துவிட்டு வரும்.
என்னுடையதை வளைத்துப் பார்த்துக் கேட்பான்:
"இது பிக்கோ, பப்படமோ?"

சிரட்டையை அரத்தால் ராவி ஒன்று செய்தேன்.
இருட்டான நல்ல சத்தம்.
இரண்டாவது பாட்டில் ஓரம் உதிர்ந்தது.
காலாவதியான ஏ.டி.எம். அட்டையில் ஐந்து வந்தன.
கணக்கில் ஒன்றுமில்லாத அட்டைக்கும்
மேல் கம்பிகளில் ஒரு கணீர் இருக்கத்தான் செய்கிறது.

வடிவம் எதுவானால் என்ன,
ஏ.சி. இல்லாத மண்டபத்தில் எல்லாமே மீன்குஞ்சு.
முக்கோணம் சுழன்றாலும் இன்னொரு முனை தரும்.
துளி வடிவம் சுழன்றால் முதுகைக் காட்டும்.
விடியுமுன் பால் வெட்டப் போகிற ரெஜிலாதான் சொன்னாள்,
"ரெண்டு பக்கமும் ஒரு சொட்டு ரப்பர்பால் வச்சு உணத்து."
உணத்தினேன்.
பிடித்தது.
நாற்றம் மட்டும் ஒரு வாரம்.

ஆனால் பாறசாலைக் கல்யாண வரவேற்பில், மூன்றாவது பாட்டில்,
ரப்பர்பால் பூசிய அதுவே
விரலை விட்டுத் துளைக்குள் விழுந்தது.
மீதியைக் கட்டைவிரல் நகத்தால் முடித்தேன்.
பிஜோய் என் பக்கம் பார்க்கவேயில்லை.
அது அவனுடைய மரியாதை.

களியக்காவிளை பஸ் ஸ்டாண்ட், பத்தே முக்கால்.
பெஞ்சில் உட்கார்ந்து கிட்டாரைக் கவிழ்த்துக் குலுக்கினேன்.
முதலில் ஒரு கரப்பான் முட்டை.
பிறகு என்னுடையது.
பிறகு
என்னுடையது அல்லாத ஒன்று.

ஆமை ஓட்டு நிறம், துளி வடிவம்.
எண் அழிந்து ஏழு மட்டும் மீதி.
வளைத்துப் பார்த்தேன்: புள்ளி எழுபத்து மூன்று.
நுனியில் நல்ல தேய்மானம்,
இந்த முகத்தில் ஓர் ஓரம், அந்த முகத்தில் மறு ஓரம்,
விசிறி இறக்கை போலச் சாய்ந்து.
என் பிக்குகளும் சாயும். இது எதிர்ப்பக்கம்.
புரட்டினேன். அப்போதும் எதிர்ப்பக்கம்.
எப்படிப் புரட்டினாலும் அது
இன்னொரு கைக்காகவே தேய்ந்திருந்தது.

இப்போது கழுத்தின் உச்சியைப் பார்த்தேன்.
மெல்லிய முதல் கம்பி அகலப் பள்ளத்தில் ஆடுகிறது.
தடித்த ஆறாவது
ஒடுங்கிய பள்ளத்தில் இறங்க முடியாமல்
ஏறி உட்கார்ந்திருக்கிறது.
அந்த நடுக்கத்துக்கு இரண்டு கடைகளில்
முன்னூறு முன்னூறு கொடுத்திருக்கிறேன்.
ஈரப்பதம் என்றார் ஒருவர்.
என் விரல் என்றார் மற்றவர்.

நெய்யாற்றின்கரையில் இதை விற்றவர்
"ஆரும் தொட்டிட்டேயில்ல" என்றார்.
அவர் பின்னால் சுவரில் ஓர் ஆணி,
அதற்குக் கீழே கிட்டார் உயரத்துக்கு வெளுத்த சுவர்.
நான் பணத்தை நீட்டியபோது முதலில் வந்தது இடது கை.
பாதி வழியில் அது நின்று,
இறங்கி,
வலது கை வந்து வாங்கிக்கொண்டது.
அன்று அதை நான் பார்க்கத்தான் செய்தேன்.
பார்த்ததோடு சரி.

கிட்டாரைத் திருப்பி, கழுத்தை வலப்பக்கம் வைத்து,
அவருடைய பிக்கால் ஒருமுறை கீழே இழுத்தேன்.
தலைகீழான கம்பிகளில் அது ராகமாக வரவில்லை.
ஆனால் நுனி
எங்கும் இடறாமல் வழுக்கிப் போனது.
டீக்கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
பாலாடையை ஒதுக்கினார்.

கடைசி பஸ்.
பையும் கிட்டாரும் மடியில்.
டிக்கெட்டுக்குச் சில்லறையை நீட்டினேன்.
கண்டக்டர் வாங்கவில்லை.
"வலது கையால தா மக்களே, ராத்திரி நேரம்."

வலது கையில் அது இருந்தது.